துப்பாக்கிக்கு ஒரு கண்ணாடி! ஸ்கோப் வாங்கும் முன் யோசியுங்கள்

தை மாதம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. மீனாட்சி அம்மனும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் பவனி வருகிறார்கள். நான்கு கரைகளிலும் ஜனக் கூட்டம்!

திருவிழா என்றால் கடைகள் இருக்கும். கடைகள் என்றால் பலூன் சுடும் கடையும் இருக்கும்.

ஒரு பலகை. அதில் வரிசை வரிசையாகப் பலூன்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள். கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி. ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துச் சுடுகிறோம். "டப்!" என்று சத்தம் கேட்கிறது. பலூன் அப்படியே இருக்கிறது. ரவை பலகையில் போய்ப் பட்டிருக்கிறது!

"கை ஆடிவிட்டது" என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம்.

கை மட்டுமா காரணம்? துப்பாக்கியின் நுனியைப் பாருங்கள். குறி பார்ப்பதற்காக ஒரு சின்ன முனை இருக்கும். அது வளைந்திருந்தால் நீங்கள் எவ்வளவு சரியாகக் குறி பார்த்தாலும் ரவை வேறு பக்கம்தான் போகும்.

துப்பாக்கி சுடும் விளையாட்டில் பெரிய விஷயமே இதுதான். குழல் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. குறி பார்க்கும் கருவியும் நேர்மையாக இருக்க வேண்டும்.

அந்தக் கருவிகளில் ஒன்றுதான் ஸ்கோப். அதாவது, துப்பாக்கியின் மேல் பொருத்தும் தூரதிருஷ்டிக் கண்ணாடி. சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி தெரியும். அதற்கு நடுவே வில்லன் தெரிவான்!

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் என்.சி.சி.யில் ரைபிள் சுடப் பழகுகிறார்கள். ரைபிள் கிளப்புகளில் சேரும் சிறுவர் சிறுமியரும் உண்டு. அதனால், "ஸ்கோப் வாங்கலாமா? எதை வாங்கலாம்?" என்ற கேள்வி சாதாரண வீடுகளிலும் எழுகிறது. நல்ல ஸ்கோப் மலிவான சாமான் அல்ல. தெரியாமல் வாங்கினால் காசு கரியாகிவிடும்!

முதலில் ஒரு கேள்வி

ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

"அப்பா, எனக்கு ஒரு ஸ்கோப் வாங்கித் தாங்கப்பா!"

"எதுக்கும்மா?"

"பத்து மீட்டர் ரைபிள் போட்டிக்குப் பழகப் போறேன். ஒலிம்பிக்ல இருக்குல்ல, அந்தப் போட்டி. ஸ்கோப் இருந்தா குறி தப்பாதுல்லப்பா?"

மகள் ஆசையாகக் கேட்கிறாள். அப்பா பணத்தை எண்ணத் தொடங்குகிறார்.

நில்லுங்கள்! அந்தப் பணத்தை எடுக்க வேண்டாம்.

ஒலிம்பிக்கில் நடக்கும் 10 மீட்டர் ரைபிள் போட்டியிலும், 50 மீட்டர் ரைபிள் போட்டியிலும் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது!

ஆச்சரியமாக இருக்கிறதா? 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவின் ரைபிளில் ஸ்கோப் இல்லை. சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் வென்றார். அவர் ரைபிளிலும் இல்லை. 2024-ல் பாரிசில் 50 மீட்டர் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயும் அப்படித்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வாங்கியதும் ஸ்கோப் இல்லாமல்தான்.

பிறகு எப்படிக் குறி பார்க்கிறார்கள்?

கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. குழலின் நுனியில் ஒரு வளையம். அதற்கு அப்பால் இலக்கின் கறுப்பு வட்டம். ஓட்டைக்குள் வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார வேண்டும். இதற்குப் "பீப் சைட்" என்று பெயர். இதில் எதையும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி கிடையாது.

10 மீட்டர் போட்டியில் பத்து மார்க் தரும் நடுப் புள்ளியின் அகலம் அரை மில்லி மீட்டர். பேனாவால் வைத்த புள்ளி அளவுதான்! அதைச் சின்ன ஓட்டை வழியாகவே அடிக்கிறார்கள்.

ஆகவே முதல் கேள்வி, "எந்த ஸ்கோப் நல்லது?" என்பது அல்ல. "என் பிள்ளை கலந்துகொள்ளும் போட்டியில் ஸ்கோப் உண்டா?" என்பதுதான். கிளப்பில் பயிற்சி தருபவரிடம் இதைக் கேட்காமல் ஒரு ரூபாய் கூடச் செலவு செய்யாதீர்கள்.

பிந்த்ராவுக்கு வந்த சோதனை

2008 ஆகஸ்டு 11. பீஜிங் ஒலிம்பிக். 10 மீட்டர் ரைபிள் இறுதிச் சுற்று தொடங்கப் போகிறது.

அதற்கு முன் சரிபார்ப்பதற்காகச் சில முறை சுடலாம். அதற்கு மார்க் இல்லை. பிந்த்ரா சுட்டார். எப்போதும் பத்தில் அடிப்பவர். அன்று ரவை 4 மார்க் வளையத்தில் பட்டது!

கை தவறவில்லை. குறி பார்க்கும் கருவி தன் இடத்தை விட்டு நகர்ந்திருந்தது.

இன்னொருவராக இருந்தால் இடிந்து போயிருப்பார். பிந்த்ரா கருவியின் குமிழைத் திருகினார். மறுபடி சுட்டுப் பார்த்தார். மறுபடி திருகினார். சரியானது. பிறகு போட்டி தொடங்கியது. கடைசிக் குண்டு 10.8! மொத்தம் 700.5. ஒலிம்பிக்கில் தனி ஒருவராகத் தங்கம் வென்ற முதல் இந்தியர் ஆனார்.

பீப் சைட் ஆனாலும் சரி, ஸ்கோப் ஆனாலும் சரி, இந்தப் பாடம் ஒன்றே. கருவி எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்பது இரண்டாம் பட்சம். வைத்த இடத்தில் நிற்கிறதா? திருகினால் சொன்னபடி நகர்கிறதா? இதுதான் முக்கியம்.

ஸ்கோப் எங்கே உண்டு?

ஓடும் இலக்கைச் சுடும் போட்டி என்று ஒன்று உண்டு. 1972 முதல் 2004 வரை ஒலிம்பிக்கிலும் இருந்தது. அதில் ஸ்கோப் வைக்கலாம். ஆனால் நாலு மடங்குக்கு மேல் பெரிதாக்கக் கூடாது என்று விதி.

மேஜை மேல் ரைபிளைத் தாங்கி வைத்துச் சுடும் "பெஞ்ச் ரெஸ்ட்" போட்டியிலும் ஸ்கோப் உண்டு. "எஃப் கிளாஸ்" என்று ஒரு போட்டி. இதில் படுத்துக்கொண்டு, தாங்கியின் மேல் ரைபிளை வைத்து, 1,000 கெஜ தூரம் வரை சுடுவார்கள். கனடாவைச் சேர்ந்த பார்க்குவர்சன் என்ற முதியவரின் பெயரில் உள்ள முதல் எழுத்துதான் அந்த "எஃப்". வயதாகி, கண் மங்கி, கை தளர்ந்த பிறகும் சுட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஸ்கோப்பும் தாங்கியும் அவருக்குக் கை கொடுத்தன. அந்த ஆசையே ஒரு போட்டியாக வளர்ந்துவிட்டது!

சிலந்தி செய்த உதவி

ஸ்கோப்புக்குள் தெரியும் கூட்டல் குறி எப்படி வந்தது தெரியுமா? ஒரு சிலந்தியால் வந்தது என்று சொல்வார்கள்.

1630-களின் கடைசியில் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காயின் என்ற இளைஞர் இருந்தார். நட்சத்திரங்களைப் பார்ப்பதில் அவருக்கு மோகம். ஒரு நாள் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். வானத்தின் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது! உள்ளே சிலந்தி ஒரு நூலைக் கட்டியிருந்தது.

நட்சத்திரமும் தெளிவாகத் தெரிந்தது. நூலும் தெளிவாகத் தெரிந்தது. "இந்த நூலை வைத்தே குறி பார்க்கலாமே!" என்று அவருக்குப் பட்டது. 1644-ல் உள்நாட்டுப் போரில் அவர் இறந்துபோனார். ஆனால் அந்தக் குறுக்கு நூல் நிலைத்துவிட்டது.

சுமார் 200 ஆண்டுகளுக்குப் பிறகு, 1840-களில், அமெரிக்காவில் சாப்மன் என்பவர் யோசனை சொல்ல, மார்கன் ஜேம்ஸ் என்பவர் ரைபிளுக்கான ஸ்கோப்புகளைச் செய்தார். அவை துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கே இருந்தன! இன்று ஒரு சாண் நீளத்திலேயே ஸ்கோப் கிடைக்கிறது.

4 x 32 என்றால் என்ன?

ஸ்கோப்பின் மேல் "4 x 32" என்று எழுதியிருக்கும். முதல் எண், பெரிதாக்கும் அளவு. 4 என்றால், 100 மீட்டரில் உள்ள பொருள் 25 மீட்டரில் இருப்பது போலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்க லென்சின் அகலம். 32 மில்லி மீட்டர்.

"4-16 x 40" என்று இருந்தால்? 4 மடங்கிலிருந்து 16 மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 32-ஐ 4-ஆல் வகுத்தால் 8. கண்ணுக்கு வரும் வெளிச்சக் கற்றையின் அகலம் 8 மில்லி மீட்டர். கண்ணை வைப்பது சுலபம். படமும் பளிச்சென்று தெரியும். அதே 40 மில்லி மீட்டர் லென்சை வைத்து 24 மடங்கு பெரிதாக்கினால்? 2 மில்லி மீட்டர் கூட இல்லை. படம் மங்கும். தலை கொஞ்சம் நகர்ந்தாலும் எல்லாம் இருட்டு!

"பெரிய நம்பர்தான் நல்ல ஸ்கோப்" என்று நினைப்பது தவறு. பெரிதாக்கும்போது இலக்கு மட்டுமா பெரிதாகிறது? உங்கள் கை ஆட்டமும் சேர்ந்து பெரிதாகிறது. நெஞ்சுத் துடிப்புக்கு ஏற்பக் கூட்டல் குறி குதிப்பது தெரியும்!

நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. சித்திரை மாதத்தில் நடுப்பகல் ரோட்டைப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நிற்பது போலக் கானல் தெரியும். சூடான காற்று மேலே எழுந்து ஆடுவதால் அப்படி. மதுரைச் சமவெளியின் வெயிலில் 24 மடங்கு வைத்துப் பார்த்தால் இலக்கு நீருக்குள் மீன் போல நெளியும். மடங்கைக் குறைத்தால் நெளிவும் குறையும். அதனால் மடங்கை மாற்றக் கூடிய ஸ்கோப்தான் நமக்கு ஏற்றது. சுடும் பழக்கத்தைக் காலை நேரத்தில் வைத்துக்கொள்வதும் நல்லது.

ஜன்னல் கம்பியும் தென்னை மரமும்

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஜன்னல் கம்பி வழியாகத் தூரத்துத் தென்னை மரத்தைப் பாருங்கள். கம்பி மரத்தின் மேல் இருப்பது போல நில்லுங்கள். இப்போது தலையை இடது பக்கம் சாயுங்கள். கம்பி மரத்தை விட்டு விலகிவிட்டது! அந்தக் கம்பியைக் கழற்றி மரத்தின் மேலேயே ஒட்டி வைத்தால்? தலையை எப்படிச் சாய்த்தாலும் விலகாது.

ஸ்கோப்பிலும் இதே கதைதான். கூட்டல் குறிதான் கம்பி. இலக்குதான் மரம். இரண்டும் ஒரே தளத்தில் விழாவிட்டால், தலை நகரும்போதெல்லாம் குறியும் நகரும். இதைப் "பாரலாக்ஸ்" என்கிறார்கள்.

பல ஸ்கோப்புகள் 100 கெஜ தூரத்துக்குச் சரி செய்து வருகின்றன. அதை 10 மீட்டரில் பயன்படுத்தினால் படம் கலங்கும். குறியும் அலையும். தூரத்துக்கு ஏற்பத் திருத்தும் வளையமோ குமிழோ உள்ள ஸ்கோப்பை வாங்குங்கள். அது முன்பக்கத்தில் அல்லது இடது பக்கத்தில் இருக்கும்.

சோதிப்பது எப்படி? குண்டு இல்லாத ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் வையுங்கள். தொடாமல் குனிந்து ஸ்கோப்பில் பாருங்கள். தலையை மேலும் கீழும் லேசாக ஆட்டுங்கள். கூட்டல் குறி இலக்கின் மேல் ஊர்ந்தால் திருத்த வேண்டும். திருத்தியும் நிற்கவில்லை என்றால் அந்த ஸ்கோப் வேண்டாம்!

"கிளிக்" கணக்கு

ஸ்கோப்பின் மேலே ஒரு குமிழ். பக்கத்தில் ஒரு குமிழ். திருகினால் "கிளிக், கிளிக்" என்று சத்தம் வரும். மேல் குமிழ் உயரத்தைத் திருத்தும். பக்கக் குமிழ் இடது வலதைத் திருத்தும்.

பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு கிளிக், 100 மீட்டர் தூரத்தில் சுமார் 7 மில்லி மீட்டர் நகர்த்தும். 50 மீட்டரில் அதில் பாதி, சுமார் 3.6 மில்லி மீட்டர்.

குண்டுகள் 50 மீட்டரில் 18 மில்லி மீட்டர் இடது பக்கம் விழுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிளிக்? 18-ஐ 3.6-ஆல் வகுத்தால் 5. வலது பக்கம் 5 கிளிக் திருகினால் போதும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்!

தூரம் கூடினால் ஒரு கிளிக்கின் வேலையும் கூடும். வண்டியூர் தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 1,000 அடி. அதாவது சுமார் 300 மீட்டர். உலகப் போட்டிகளில் 300 மீட்டர் ரைபிள் போட்டியும் உண்டு! தெப்பக்குளத்தின் ஒரு கரையில் நின்று மறு கரையைப் பாருங்கள். அவ்வளவு தூரத்தில் ஒரு கிளிக் குண்டை 2 சென்டி மீட்டருக்கு மேல் நகர்த்திவிடும்.

குமிழ் நேர்மையானதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதலில் மூன்று குண்டு சுடுங்கள். பிறகு மேலே 20 கிளிக் திருகி மூன்று குண்டு. வலது 20, மூன்று குண்டு. கீழே 20, மூன்று குண்டு. இடது 20, மூன்று குண்டு. எப்போதும் குறி வைப்பது ஒரே புள்ளிக்குத்தான். அட்டையில் ஒரு சதுரம் விழும். கடைசி மூன்று குண்டும் முதல் மூன்று குண்டு பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். வந்தால், நம்பலாம். வராவிட்டால், எத்தனை மடங்கு பெரிதாக்கினால் என்ன பயன்?

ஒரு தாள் கனம்!

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு சேர்ப்பது இரண்டு பிடி வளையங்கள். பலரும் ஸ்கோப்புக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, வளையத்தில் சிக்கனம் பார்ப்பார்கள். இது பட்டுப் புடவை எடுத்துவிட்டுக் கிழிந்த பையில் கொண்டுபோவது போல!

இரண்டு வளையங்களுக்கும் இடையே 10 சென்டி மீட்டர் இருக்கிறது. அதில் ஒரு வளையம், ஒரே ஒரு தாளின் கனம், அதாவது 0.1 மில்லி மீட்டர் நகர்ந்துவிடுகிறது. என்ன ஆகும்? 50 மீட்டரில் குண்டு 5 சென்டி மீட்டர் விலகும்! 50 மீட்டர் இலக்கில் பத்து மார்க் வட்டத்தின் அகலமே 10.4 மில்லி மீட்டர்தான். பத்து வர வேண்டிய இடத்தில் நாலு வரும்.

ஆகவே வளையம் உறுதியாக இருக்கட்டும். ஸ்கோப்பின் குழாய் அளவுக்கும் ரைபிளின் மேல் உள்ள பள்ளத்துக்கும் பொருந்தட்டும். திருகுகளை ஒரே பக்கமாக இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஸ்பிரிங் வைத்த ஏர் கன்னுக்கு வாங்குகிறவர்கள் மிகவும் கவனிக்க வேண்டும். குண்டுத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் கன்னோ முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் இழுக்கும். இந்த இரட்டை அதிர்ச்சியில் சாதாரண ஸ்கோப்பின் உள் பாகங்கள் கழன்றுபோகும். "ஸ்பிரிங் ஏர் கன்னுக்கு ஏற்றதா?" என்று கேட்டே வாங்குங்கள்.

கண்ணே பிரதானம்

ஸ்கோப்பில் கண்ணை ஒட்டி வைக்கக் கூடாது. மூன்று, நாலு அங்குலம் தள்ளி வைத்தாலே படம் முழுதாகத் தெரிய வேண்டும். ஒட்டி வைத்தால், ரைபிள் உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும்.

கண் வைக்கும் பக்கத்தில் ஒரு வளையம் உண்டு. அதைத் திருகி, வெள்ளைச் சுவரைப் பார்த்தவுடன் கூட்டல் குறி பளிச்சென்று தெரியும்படி வையுங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகவே சரி செய்துகொண்டு உங்களை ஏமாற்றும்!

பார்வை மங்கலாக இருந்தால் முதலில் கண் டாக்டரிடம் போங்கள். 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் நம் மதுரை. கண் பரிசோதனை செய்ய நமக்கு அலைச்சல் இல்லை. மூக்குக் கண்ணாடி வாங்க வேண்டியவர் ஸ்கோப் வாங்கிப் பயன் என்ன?

ஸ்கோப் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது. ஒரு விநாடியில் பார்வை போய்விடும்.

சட்டமும் கட்டுப்பாடும்

குண்டு போட்டுச் சுடும் ரைபிளுக்கு, அது சிறிய .22 ரைபிள் ஆனாலும், 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்சு வேண்டும். ஏர் கன்னுக்கும் அதன் சக்தி, குழல் அளவு இவற்றைப் பொறுத்து விதிகள் உண்டு. கிளப்பிலும் போலீஸ் நிலையத்திலும் விசாரித்த பிறகே வாங்குங்கள்.

தெருவிலும் மொட்டை மாடியிலும் சுட்டுப் பழகக் கூடாது. வண்டியூர்க் கண்மாயில் கொக்கு நிற்கிறதே என்று துப்பாக்கியைத் திருப்பவும் கூடாது. பறவைகளையும் விலங்குகளையும் காக்க 1972-ல் சட்டம் வந்திருக்கிறது. மீறினால் வழக்கு!

"சுடவில்லை, ஸ்கோப்பில் சும்மா பார்த்தேன்" என்று எதிர் வீட்டுக்காரரைப் பார்ப்பதும் பெருங்குற்றம். ஸ்கோப் எங்கே திரும்புகிறதோ அங்கே குழலும் திரும்புகிறது என்பதை மறக்கக் கூடாது.

செலவு எந்த வரிசையில்?

முதலில் கிளப்பில் சேர்த்துவிடுங்கள். இரவல் ரைபிளில் சில மாதம் பழகட்டும். நிற்கவும், மூச்சை அடக்கவும், விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக அழுத்தவும் பிள்ளை கற்றுக்கொள்ளட்டும். எந்தப் போட்டி என்று அதற்குள் தெரிந்துவிடும்.

ஸ்கோப் உள்ள போட்டியாக இருந்தால், கிளப்பில் இருப்பவர்களின் ஸ்கோப்புகளை வாங்கிச் சுட்டுப் பாருங்கள். பிறகு நல்ல பிடி வளையம், அதன் பிறகு ஸ்கோப். ஸ்கோப்பில் முதலில் பார்க்க வேண்டியது, வைத்த இடத்தில் நிற்கும் குணம். அடுத்தது, பாரலாக்ஸ் திருத்தும் வசதி. மூன்றாவது, தெளிவான லென்ஸ். மடங்கு எண்ணைக் கடைசியில் பாருங்கள்.

கண்ணாடி இலக்கைக் காட்டும். அடிக்க வேண்டியது கைதான்! கைக்கு முதலில் பழக்கம் கொடுங்கள். கண்ணாடியைப் பிறகு வாங்கலாம்.